பெட்டிப் பரீட்சை, ஆள் பரீட்சை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

மலைக்காற்று உன் மூக்கை இன்னும் விட்டுவைத்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் உங்கள் வானிலை நிலையத்தைவிடச் சரியாக மழை சொல்கிறது.

முதலில் நல்ல செய்தி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். பத்து வருடமாக ஆஸ்பத்திரியில் ஊரார் காதுகளைச் சோதித்துக்கொண்டிருக்கும் உன் அக்கா, இனி அதையே பெரிய படிப்பாகப் படிக்கப் போகிறாள். அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டு வந்து, "எந்த நாடுன்னு சொன்னே?" என்று என்னிடம் கேட்டாள்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஜூன் பதினைந்துக்குள் ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டு தேர்வுகளில் எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்களாம். கேட்பது, படிப்பது, எழுதுவது எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பேசுவதில்தான் வித்தியாசம். ஒன்றில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். பீப் என்று ஒலி வரும், மைக் திறக்கும், நாற்பது விநாடி பேச வேண்டும். இன்னொன்றில் தேர்வாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்து கால் மணி நேரம் நம்மோடு பேசுவார். நானே பெயர் வைத்துவிட்டேன்: பெட்டிப் பரீட்சை, ஆள் பரீட்சை. இரண்டையும் நடத்துவது பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அதே மையம்தான்.

எதை எடுக்கட்டும்? போனில் கேட்டிருக்கலாமே என்று சொல்லாதே. செல்போன் சிக்னல் ஏறாத அந்த மலையில் உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு ஆபீஸ் போன். தவிர, போனில் நான் பேசும் அழகு உனக்குத் தெரியாததா? ஜீப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்றாலும், கடிதத்தில்தான் நினைத்ததை நினைத்த வேகத்தில் என்னால் சொல்ல முடிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈர சாக்ஸோடு தூங்காதே.

உன் அக்கா

ஜனவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மூக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட கூச்சலில், காற்றை அளக்க மேலே விடும் பலூனுக்கு வாயு நிரப்பிக்கொண்டிருந்த எங்கள் மூத்த அதிகாரி அதைக் கைநழுவ விட்டுவிட்டார். இன்றைய காற்றின் கணக்கு உன்னால் பத்து நிமிடம் முன்கூட்டியே மேலே போய்விட்டது. வாழ்த்துகள் அக்கா!

தேர்வைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பெட்டிப் பரீட்சைதான். கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்துவிடு. எதிரே ஆள் கிடையாது. யார் முகத்தையும் நீ பார்க்க வேண்டாம், உன் முகத்தையும் யாரும் பார்க்க மாட்டார்கள். ஹெட்போன் உனக்குப் பழகிய சாமான். முடிவும் சீக்கிரம் வருமாம். ஆள் பரீட்சை எடுக்கிறவர் சிடுமூஞ்சியாக இருந்தால் என்ன செய்வாய்? காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால்? கம்ப்யூட்டருக்கு வீடும் இல்லை, சண்டையும் இல்லை. இதில் இரண்டாவது பேச்சே கிடையாது.

அம்மா முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். பதிவு செய்ததும் எழுது.

உன் சார்பில் எப்போதும் முன்னால் நிற்கும்,
தம்பி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். ஒத்தடம் கொடுத்தாயிற்று. பலூன் போன வழியில் நீயும் போகாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டிரு.

நீ சொன்ன பெட்டிப் பரீட்சைக்காக ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். அங்கே ஒரு மாஸ்டர். எதைக் கேட்டாலும் "கான்ஃபிடன்ஸ் வேணும் மேடம்" என்பார். கழிவறை எங்கே என்று கேட்டாலும் அதைத்தான் சொல்வார் போலிருக்கிறது. சனிக்கிழமை மாதிரித் தேர்வு வைத்தார். ஹெட்போன் மாட்டினேன். பீப் வந்தது. மைக் திறந்தது. எனக்கு முதல் சொல் வரவில்லை.

சொல் தெரியாமல் இல்லை. தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொண்டது. அந்தப் பெட்டி மூன்று விநாடி பார்த்தது. நான் பேசி முடித்துவிட்டேன் என்று நினைத்து மைக்கை மூடிவிட்டது. எட்டுக் கேள்விகளில் ஐந்து இப்படியே போயின. ஐந்துக்கும் பூஜ்யம். மாஸ்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கான்ஃபிடன்ஸ்..." என்று ஆரம்பித்தார். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தம்பி, நம் வீட்டில் யாரும் இந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. அம்மா "அவளுக்குக் கொஞ்சம் கூச்சம்" என்பாள். நீ அதுவும் சொல்ல மாட்டாய், எனக்கு முன்னால் பேசிவிடுவாய். பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் எங்கே என்று கேட்பதற்குள் நீ நிறுத்தத்தின் பெயரைச் சொல்லியிருப்பாய். முந்திரிக்கொட்டை என்று உனக்குப் பெயர் வைத்ததே அதற்காகத்தான். இப்போது நானே எழுதுகிறேன்: எனக்குத் திக்கும். முப்பத்து நாலு வயதில் காகிதத்தில் முதல்முறையாக எழுதியிருக்கிறேன். ஒன்றும் இடிந்து விழவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நாள் முழுக்க அடுத்தவர் காதில் பீப் விடுவதுதான் என் வேலை. சத்தம் புகாத அறைக்குள் அவர்கள் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நாற்காலியில் உட்காருவது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே மூன்று நாளாக விடாத மழை. மழைமானி நிரம்பி வழிந்து, அளவு பார்க்கப் போன நானும் ஒரு மழைமானி ஆகிவிட்டேன்.

ஒரு மாதிரித் தேர்வுக்காக மனசை விடாதே. எனக்கு ஒரு யோசனை. பீப் வந்ததும் "ம்ம்ம்" என்று ஒரு ஒலி கொடு. பெட்டி நீ பேசுவதாக நினைத்து மைக்கை மூடாது. அதற்குள் உனக்கு... அதற்குள் நீ தயாராகிவிடலாம். தினமும் அரை மணி நேரம் பழகு. மற்றபடி எல்லாம் சரியாகிவிடும். நீ எழுதிய மற்ற விஷயங்களை நேரில் பேசிக்கொள்வோம்.

இந்த ஜீப்பில் என்னுடைய இன்னொரு கடிதமும் கீழே வருகிறது. அது ஆபீஸ் விஷயம். உனக்கு ஒன்றும் இல்லை.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகமே. நனைந்த மழைமானி காய்ந்ததா?

உன் "ம்ம்ம்" வைத்தியத்தை ஒரு வாரம் செய்து பார்த்தேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "வயிறு வலிக்குதா?" என்றாள். "ம்ம்ம்" நன்றாக வருகிறது, அதற்குப் பிறகு வர வேண்டியதுதான் வரவில்லை.

நேற்று என் அறைக்கு ஒரு பெரியவர் வந்தார். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவராம். வேறு எங்கோ சோதித்து, இரண்டு காதும் பாதிக்கு மேல் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நானும் பீப் கொடுத்தேன். அவர் அழுத்தவில்லை. வழக்கமாக அடுத்த ஒலிக்குப் போயிருப்பேன். அவர் விரலைப் பார்த்தேன், பொத்தானை நோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏழு விநாடி கழித்து அழுத்தினார். அடுத்ததற்கும் ஏழு. கடைசிவரை அப்படித்தான். அவருக்கு எல்லாம் கேட்கிறது தம்பி! விரல்தான் தாமதம். அவர் பெண்ணைக் கூப்பிட்டு இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. இருவரும் சிரித்த முகத்தோடு நின்று கேட்டார்கள்.

அவர்கள் இருவரும் போன பிறகு முடிவு செய்துவிட்டேன். பெட்டிக்கு மூன்று விநாடிதான் தெரியும். அதற்குமேல் காத்திருக்க ஓர் ஆள்தான் வேண்டும். எதிரே இருப்பவர் சிடுமூஞ்சியாகவே இருக்கட்டும், மூன்று விநாடியில் எழுந்து போய்விட மாட்டார் அல்லவா? ஆள் பரீட்சைக்கு மே பன்னிரண்டாம் தேதிக்குப் பதிவு செய்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் செய்துவிட்டேன்.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ அவசரப்பட்டுவிட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. பெட்டிப் பரீட்சைக்கு மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் கால் மணி நேரம் என்றால் சும்மாவா?

அப்புறம், தேர்வு மையத்திலிருந்து கடிதம் ஏதாவது வந்தால் ரொம்ப யோசிக்காதே. நான் விளக்கமாக எழுதுகிறேன்.

தம்பி

ஏப்ரல் 3

தம்பிக்கு,

நலம். மையத்திலிருந்து கடிதம் வந்தது. பேசும் பகுதியிலிருந்து எனக்கு விலக்கு வேண்டும் என்று "நான்" பிப்ரவரியில் விண்ணப்பித்திருக்கிறேனாம். டாக்டர் சான்றிதழோடு நேரில் வரும்வரை என் பதிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "என்" விண்ணப்பத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள். கையெழுத்துக்குக் கடைசியில் புள்ளி வைப்பது நீ. நான் வைப்பதில்லை.

பேசும் பகுதி இல்லாத சான்றிதழைப் பல்கலைக்கழகம் வாங்காது. அதை நீ விசாரித்தாயா?

அம்மா உன்னை விசாரித்தாள்.

அக்கா

ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு இப்போது முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நான்தான் எழுதினேன். உன் கடிதத்தில் அந்த ஐந்து பூஜ்யத்தைப் படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஜீப் கிளம்ப அரை மணி நேரம் இருந்தது. உன்னைக் கேட்டு எழுத ஒரு மாதம் ஆகும் என்று நானே உன் பெயரைப் போட்டுவிட்டேன். பல்கலைக்கழகத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயர் சொல்வதுபோல நினைத்துவிட்டேன்.

உனக்கு ஒன்பது வயது, எனக்கு ஏழு. பள்ளி ஆண்டு விழாவில் நன்றி சொல்ல உன்னை மேடையில் ஏற்றினார்கள். மைக் முன்னால் நின்றாய், முதல் சொல் வரவில்லை. நான் பெஞ்சின்மேல் ஏறி நின்று அந்தச் சொல்லைக் கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ மீதியைச் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டாய். அவர்கள் சிரித்தது பெஞ்சின்மேல் நின்ற என்னைப் பார்த்துத்தான். உன்னைப் பார்த்துச் சிரித்ததாக நீ நினைத்திருப்பாய். இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இருபத்தைந்து வருடமாகச் சொல்லவில்லை.

உனக்குத் திக்கும்போது உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என்னால் அந்த மௌனத்தைத் தாங்க முடியாது, அதுதான் உண்மை. உனக்கு உதவி என்று நான் செய்ததெல்லாம் என் அவஸ்தைக்குச் செய்துகொண்ட வைத்தியம். உன்னால் எனக்குக் கஷ்டம் இல்லை அக்கா, என் அவசரத்தால் உனக்குத்தான் கஷ்டம்.

அந்த விண்ணப்பம் என்னுடையது என்று மையத்துக்குத் தனியாக எழுதி, இதோடு வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. அனுப்புவதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

மன்னித்துக்கொள்.

தம்பி

மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று ஜீப் வந்தது. அரிசி, டார்ச் பேட்டரி, ஒரு பெட்டி மெழுகுவர்த்தி. உன் கடிதம் இல்லை. சாக்கு மூட்டையை இரண்டு தடவை உதறிப் பார்த்தேன். டிரைவர் அண்ணன், "என்னப்பா, பொண்ணு பாத்திருக்காங்களா?" என்று கேட்டார்.

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். பன்னிரண்டாம் தேதி உன் ஊர்ப் பக்கம் வானம் தெளிவாக இருக்கும் என்று கணக்கு சொல்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதினேன். பதில் எழுதச் சொல்லி அவசரப்படுத்தவில்லை.

தம்பி

மே 15

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

உன் கணக்கு தப்பு. பன்னிரண்டாம் தேதி கொட்டோ கொட்டென்று கொட்டியது. அம்மாவின் முழங்கால் முந்தின நாளே சொல்லிவிட்டது. நாங்கள் இருவரும் சுகம். போன ஜீப்புக்கு நான் எழுதாதது கோபத்தால் பாதி. கையில் நல்ல செய்தி இல்லாமல் எழுதப் பிடிக்காதது மீதி.

உன் கடிதத்தை மையத்துக்கு அனுப்பவில்லை. நானே போனேன். கவுண்டரில் ஒரு பெண். நான் "என்னோட வி..." என்று ஆரம்பித்ததும் அவள், "விலாசமா? விசாவா?" என்று எடுத்துக் கொடுத்தாள். முந்திக்கொள்வதில் உனக்குத் தங்கை போலிருக்கிறது. நான் கையை உயர்த்தினேன். போக்குவரத்துப் போலீஸ் மாதிரிதான். அவள் நிறுத்தினாள். பின்னால் வரிசையில் பத்துப் பேர். ஒருவர் செருமினார். வியர்த்துக் கொட்டியது. ஆனால் நான் சொல்லி முடித்தேன் தம்பி. "விண்ணப்பம். அது நான் எழுதல. எனக்கு விலக்கு வேணாம். நான் பேசணும்."

அவள் உள்ளே போய் மேலாளரோடு வந்தாள். அவர்தான் சொன்னார்: திக்குகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் தேர்வாளருக்குத் தெரியப்படுத்துவார்களாம், கொஞ்சம் கூடுதல் நேரமும் உண்டாம். டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றார். எங்கள் ஆஸ்பத்திரியில் எனக்கு அது கிடைக்காதா? இரண்டே நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையெழுத்து, புள்ளி இல்லாமல். நிறுத்தி வைத்த பதிவைப் பழைய தேதிக்கே விடுவித்தார்கள்.

நீ அந்த விண்ணப்பத்தை அனுப்பியிருக்காவிட்டால் நான் அந்தக் கவுண்டருக்குப் போயிருக்கவே மாட்டேன், இப்படி ஒரு வழி இருப்பதும் தெரிந்திருக்காது. இதற்காக உனக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. இன்னொரு தடவை என் பெயரில் கையெழுத்துப் போட்டால் மலையேறி வந்து உதைப்பேன்.

தேர்வு அறை சின்னது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ரிக்கார்டர். தேர்வாளர் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. உட்கார்ந்ததும் நானே ஆங்கிலத்தில் சொன்னேன்: எனக்குத் திக்கும், சொல் வரக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் வரும். அவர் தலையசைத்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். நான் அந்தப் பெரியவருக்காகக் கட்டிக்கொண்டதுபோலவே!

நீங்கள் காத்திருந்த ஒரு சமயத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நான் ஏழு விநாடியைப் பற்றிச் சொன்னேன். நடுவில் நாலைந்து இடத்தில் நின்றேன். ஓரிடத்தில் ரொம்ப நேரம். ரிக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. யாரும் மைக்கை மூடவில்லை. வெளியே வந்து மழையில் நனைந்துகொண்டே பஸ் நிலையத்துக்கு நடந்தேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டதற்கு நானே சொல்லி டிக்கெட் வாங்கினேன்.

ஆண்டு விழாவைப் பற்றி எழுதியிருந்தாய். அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அப்போதே எனக்குத் தெரியும், அசடு. நானும்தான் சிரித்தேன். கால்சட்டை நழுவ நழுவப் பெஞ்சின்மேல் நின்றிருந்தாயே. சிரிப்பை அடக்க முடியாமல்தான் இறங்கி வந்தேன். இதற்கா இத்தனை வருடம் மனசைப் போட்டு வதைத்துக்கொண்டாய்?

முடிவு இரண்டு வாரத்தில் வரும். வந்ததும் உன் ஆபீஸ் போனில் கூப்பிடுவேன். எத்தனை நேரமானாலும் நானேதான் சொல்வேன்.

அக்கா

மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலம் என்பது போனிலேயே தெரிந்துவிட்டது. அம்மா பின்னாலிருந்து அவ்வளவு கத்தினாள்.

நீ கூப்பிட்டபோது நான் மழைமானி பக்கத்தில் இருந்தேன். மூத்த அதிகாரி ஜன்னலைத் திறந்து, "உங்க அக்கா லைன்ல!" என்று சத்தம் போட்டார். ஓடி வந்து எடுத்தேன். "தம்பி, பே..." என்று ஆரம்பித்தாய். அதோடு சத்தம் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். "பேப்பர் வந்துச்சா? பெயிலாயிடுச்சா?" இரண்டும் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். நீ மூச்சு விடுவது கேட்டது. அந்த மௌனம் அப்படியொன்றும் பயங்கரமாக இல்லை அக்கா. அதற்குள்ளே நீ இருந்தாய். இத்தனை நாள் அங்கே யாரும் இல்லை என்று நினைத்துத்தான் நான் முந்திக்கொண்டிருக்கிறேன்.

பிறகு நீயே சொன்னாய். "பேசுறதுல ஆறரை கேட்டாங்க. ஏழு வந்திருக்கு." மூத்த அதிகாரி கேட்டார், நான் ஏன் அழுகிறேன் என்று. நான் அழவில்லை என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். நீ நடுவில் நின்றிருந்தபோது, ஜீப் டிரைவர் அண்ணன் சாக்கு மூட்டையோடு உள்ளே வந்தார். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நான் சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, லைன் கட்டாயிடுச்சா?" என்றார்.

"இல்லண்ணே," என்றேன். "அக்கா பேசிட்டிருக்காங்க."

தம்பி